முகவரி எழுத மாட்டேன் என்றவர்

நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் ஒரு பொருள் இருக்கும் என்று நம்ப மறுத்த ஒரே மனிதர், இந்தப் பூவுலகில் எங்கள் 'எங்கிருக்கே'தான்.

இரண்டாயிரங்களின் நடுவில், ஓசூரில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் கம்பெனியொன்றில் நானும் அவரும் கம்ப்யூட்டர் பிரிவு. சாயங்காலம் அவர் ஊரான பேரிகைக்குப் போகும் பஸ் தினமும் அதே இடத்தில், அதே போர்டோடு நிற்கும். இவர் கண்டக்டரிடம் போவார்.

"அண்ணா, பேரிகைதான போவுது?"

"நேத்தும் இதேதானய்யா கேட்ட?"

"அது நேத்துக்குங்க. இன்னிக்கு?"

கேன்டீனில் சாம்பார் வாளி ஐந்து வருஷமாக ஜன்னல் ஓரம். "சாம்பார் எங்கருக்குதுப்பா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலையிலும் அதே கதைதான். பல்சக்கரத்தை அளந்து ரிப்போர்ட் தரும் புரோகிராமைப் பைத்தான் மொழியில் எழுதியிருந்தார். அந்த மொழி கம்ப்யூட்டரில் எந்த ஃபோல்டரில் குடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் துணைக் கோப்புகளை எடுக்க முடியும். விண்டோஸில் பெரும்பாலும் சி டிரைவ். இடமில்லை என்று டி டிரைவில் போட்டு வைத்த புண்ணியவான்களும் உண்டு. லினக்ஸிலோ சி, டி என்ற பேச்சே கிடையாது. நாங்களெல்லாம் சி டிரைவ் முகவரியை ஒரே வரியில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இவர் முப்பது வரி எழுதி, அந்த மொழியிடமே விசாரிப்பார். புரோகிராம் கிளம்பியதும் கறுப்புத் திரையில் 'எங்கிருக்கே?' என்று வரும். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது. மூன்று வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்த அவருக்கு, அது நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம். ஆடிட்டுக்கு முந்தின நாள் பெங்களூர் மேனேஜர் திரையைப் பார்த்துக் கன்னடமும் தமிழுமாகக் கொதித்தார்.

"ஏன்ரீ இது? கஸ்டமர் முன்னாடி கேள்வி கேக்குது! நேரா அட்ரஸ் போட்ரீ!"

"போட மாட்டேனுங்க சார்."

"கன்ஃபர்மேஷன் பேடவா?"

"வேணுங்க. அதுக்காகக் குத்துமதிப்பா அட்ரஸ் எழுத மாட்டேன். நாளைக்கு அது வீடு மாத்திருச்சுன்னா? குடியிருக்கறவங்களத்தான கேக்கணும்?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். எனக்கு அவ்வளவு தைரியமெல்லாம் கிடையாது. முப்பது வரியை அழித்துவிட்டு ஒரு வரி சி டிரைவ் முகவரி போட்டேன். என் கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை, பல்சக்கரம் அளக்கும் இடத்தில் வைரஸ் பிடித்திருந்த கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆடிட்டர் முன்னால், இல்லாத சி டிரைவைத் தேடிப் புரோகிராம் மண்ணைக் கவ்வியது. எங்கிருக்கே வந்தார். என் வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழைய முப்பது வரியைத் திரும்பப் போட்டார். 'எங்கிருக்கே?' என்று திரை கேட்டது. லினக்ஸ் ஒழுங்காகப் பதில் சொல்ல, ரிப்போர்ட் வந்தது.

ஆடிட்டர் விடவில்லை. "அனுமதிக் கையெழுத்து இல்லாம புரோகிராமை மாத்தினது யாரு?"

மேனேஜர் விட்டத்தைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"எந்த வரின்னு கேளுங்க, காட்டறேன். எங்கருந்துச்சுன்னு கேளுங்க, சொல்றேன்" என்றார் எங்கிருக்கே. "யாருன்னு மட்டும் கேக்காதீங்க சார்."

"சொல்லலேன்னா உங்க பேரைத்தான் எழுதணும்."

"எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். நிரந்தரம் இன்னொரு வருஷம் தள்ளிப்போனது. முகவரியே எழுத மாட்டேன் என்றவர் என் முகவரிக்குப் பொறுப்பேற்றார். இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மதியம் கேன்டீனில் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"சாம்பார் எங்கருக்குதுப்பா?"

கை காட்ட மனம் வரவில்லை. எழுந்து போய் வாளியையே தூக்கிவந்து அவர் தட்டில் ஊற்றினேன், போதும் போதும் என்கிற வரைக்கும்.