உப்பு மாமாவின் ஆஸ்பத்திரிப் பங்கு

கடலூரில் கடலுக்கு அடுத்தபடி சத்தம் போட்டவர் எங்கள் உப்பு மாமாதான். கடலாவது நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கும். செம்மண்டலத்துத் தெருக்களில் மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் “உப்பேய்!” என்றால், குடிகாட்டுக் கெமிக்கல் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் படுத்தவர்கள், சங்கு ஊதிவிட்டது என்று எழுந்து சட்டையைத் தேடுவார்கள்.

அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி, எங்கள் தெருமுனை அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா. பிரஷர் என்று யார் போனாலும் அந்தம்மா “உப்பைக் குறைங்க” என்பார். மாமா வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நியாயம் கேட்பார்.

“சக்கரைய குறைக்க சொல்றீங்க, சரி. சக்கர ஆலைக்காரன் பெரிய மொதலாளி, தாங்குவான். என் உப்பு ஒங்கள என்னாம்மா பண்ணுச்சி?”

சுனாமி வந்துபோய்ச் சில வருடம் கழித்து ஆஸ்பத்திரிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சுகாதாரத்தைச் சீர்திருத்துகிறார்களாம். இனி காலையில் மட்டும்தான் வைத்தியமாம், சாயங்காலம் கிடையாதாம். அதற்குப் ‘பங்குதாரர்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’. நான் வீடு வீடாகப் போய்ச் சமைக்கிறவள். எங்கள் தெருப் பெண்கள் பாதிப்பேர் அப்படித்தான். காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் வேலை போய்விடும்.

மாமாவுக்கோ அந்த நோட்டீஸில் ஒரு வார்த்தைதான் கண்ணில் பட்டது.

“பங்குதாரரா! அப்ப ஆஸ்பத்திரில எனக்கும் பங்கு இருக்கா? இத்தினி வருசமா ஒருத்தனும் சொல்லல பாரேன்!”

அன்றிலிருந்து மாமா முதலாளி. வெயிலில் கிடந்த பெஞ்சை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டார். ஆளில்லாத அறையில் சுற்றிய ஃபேனை நிறுத்தினார். கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டார்.

“லாபம் எப்பிடி?”

“கவர்மெண்டு ஆஸ்பத்திரில ஏது மாமா லாபம்?”

“இவ்ளோ கூட்டம் வந்தும் லாபமில்லியா? ஒனக்கு யாவாரம் தெரியலடா மச்சான்.”

டாக்டரம்மாவிடம் போய், “இனிமே நம்ம ரெண்டு பேரும் பங்காளி. சண்ட போட்டுக்கிட்டா யாரும் கேக்க முடியாது” என்றார். அந்தம்மா சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டார்.

கூட்டத்துக்கு அதிகாரி வந்தார். “பொதுமக்கள் கருத்து?” என்று மைக்கை நீட்டினார். மரத்தடி அடிபம்ப்பில் தண்ணீர் பிடிக்கும்போது பேசுகிற பேச்செல்லாம் எங்கே போனதோ, நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். டாக்டரம்மா சம்பளக்காரர், வாய் திறக்க முடியாது.

“ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கங்க” என்றார் அதிகாரி, பக்கத்திலிருந்த கிளார்க்கிடம்.

“இருங்கய்யா!” என்று எழுந்தார் மாமா. அவருக்கு மைக் தேவைப்படவில்லை. “நான் பங்குதாரர். என்னை கேக்காம எப்பிடி எழுதுவீங்க?”

“ஐயா, பங்குதாரர்னா சொத்துல பங்கு இல்லீங்க. இந்த ஆஸ்பத்திரி இருந்தாலும் இல்லாட்டியும் யாருக்கு பாதிப்போ, அவங்க.”

மாமாவின் முகம் சுருங்கியது.

“அப்ப நான் இல்லீங்க. இத இழுத்து மூடுனா எனக்கு உப்பு ஜாஸ்தி விக்கும்.” கூட்டம் சிரித்து அடங்குவதற்குள் என் பக்கம் கையை நீட்டினார். “தோ ஒக்காந்திருக்காங்களே, அவுங்கதான் பங்குதாரரு. எந்திரி தங்கச்சி. சொல்லு.”

நான் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

“சார், சாயங்காலத்துக்கு மேலதான் எங்களுக்கு ஒடம்பு நோவும். அதுக்கு முன்னாடி நோவுறதுக்கு நேரமில்லீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, எழுதியதை அடித்துவிடச் சொன்னார். சாயங்கால வைத்தியம் பிழைத்தது.

“போச்சு! என் யாவாரத்துக்கு நானே வேட்டு வச்சிக்கினேன்” என்று புலம்பிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிப் போனார் மாமா.

அந்தச் சாயங்கால வரிசையில்தான் எனக்கும் பிரஷர் என்று தெரிந்தது. உப்பைக் குறைத்துவிட்டேன். ஆனாலும் மாமா வந்துகொண்டிருந்த வரைக்கும், “உப்பேய்!” என்று கேட்டால் உப்பளக்கிற படியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். இப்போது மாமாவின் சைக்கிள் வராமல் வருடக்கணக்காகிறது. வீட்டில் இன்னும் மூன்று பானை உப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் கசிந்துவிடாமல் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன்.