ஜப்பான்காரி சொன்னது

முதலில் கேட்டது ஒரு பெண்ணின் குரல். கப்பல் பெட்டிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தேன் தடவின மாதிரி, ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லி முடித்து, 'டிங்' என்று மணி அடித்தது. பிறகுதான் கார் தெரிந்தது. வெள்ளை நிறம், பதினைந்து வயது, இருக்கைகளின் மேல் இன்னும் கிழிக்காத பிளாஸ்டிக் உறை.

"உங்களுக்கு வணக்கம் சொல்றா, ஞாபோ," என்றார் தரகர் செண்டோங்கோ. கார் வாங்க வரும் பெண்கள் எல்லாரும் அவருக்கு ஞாபோ, அதாவது அம்மணி. வாங்காமல் போகிறவர்களை என்னவென்று சொல்வார் என்பதை அவர்கள் நின்று கேட்டதில்லை.

கம்பாலாவில் பழைய கார் வாங்குகிறவர்கள் இஞ்சினுக்கு முன்னால் பேச்சைத்தான் பார்ப்பார்கள். ஜப்பானிய மொழி பேசினால் நேராகக் கப்பலிலிருந்து இறங்கியது. பேசாவிட்டால் உள்ளூரில் யாரோ ஓட்டிக் கெடுத்தது. வாங்கிய பிறகும் அந்தக் குரலை நிறுத்தமாட்டார்கள், உறையையும் கிழிக்கமாட்டார்கள். பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்து வேர்த்து வழிவதற்கு இங்கே அந்தஸ்து என்று பெயர்.

அன்று கார் பார்க்க வந்த நம்புசிக்கு அந்தஸ்து வேண்டாம், முட்டை உடையாமல் போனால் போதும். தெருவோரம் சப்பாத்தியில் முட்டை சுருட்டி விற்பவர்களுக்கு வாடகை மோட்டார் சைக்கிளில் முட்டை கொண்டுபோய்க் கொடுத்துவந்தவள் அவள். பாதி முட்டை போய்ச் சேரும்போதே அடித்துக் கலக்கிய பதத்தில் இருக்கும். இப்போது மேட்டு உச்சியிலிருந்த பெண்கள் பள்ளி வாரத்துக்கு முப்பது அட்டை முட்டை கேட்டிருந்தது. முதல் சுமை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் உடையாமல் வரவேண்டும். வராவிட்டால் வேறு ஆள். அன்று வெள்ளிக்கிழமை, மணி பத்தே முக்கால்.

அவள் முப்பது அட்டையையும் பின்னிருக்கையில் அடுக்கினாள். "இதோட பள்ளிக்கூட மேட்டுல ஏறட்டும். அப்புறம் பேசலாம்," என்று சொல்லி, செண்டோங்கோவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டினாள்.

பாதி மேட்டில் குரல் மறுபடி வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் அவசரமாக. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதில் உயிர்தான் இல்லை. நம்புசி மிதியை அடிவரை அழுத்தினாள். கார் பெருமூச்சு விட்டு நின்றது.

"புது ஊரு. கூச்சப்படுது," என்றார் செண்டோங்கோ.

கூப்பிட்டால் வராத சாலைத் தகுதி இலாகா அன்று கூப்பிடாமலே வந்தது. பின்னால் வந்து நின்ற அரசாங்க வண்டியிலிருந்து ஆய்வாளர் பாகியெண்டா இறங்கி, காரின் காகிதங்களைக் கேட்டு வாங்கி, காரைப் பார்க்காமல் காகிதங்களை மட்டும் பார்த்தார்.

"இஞ்சின் சக்தி திருப்திகரம்னு போட்டிருக்கு. என் கையெழுத்துதான். அப்ப சக்தி இருக்கு. உங்களுக்குத்தான் எடுக்கத் தெரியல."

இழுவை வண்டி கூப்பிடலாமா என்று நம்புசி கேட்டாள். அதற்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்றார். செண்டோங்கோ தான் வெறும் தரகர் என்று உடனே பணிவோடு தெரிவித்துக்கொண்டார். நம்புசி உரிமையாளர் ஆகலாம், ஆனால் அதற்குச் சோதனை ஓட்டம் முடியவேண்டும். ஓட்டம் முடிய, கார் திரும்பிப் போகவேண்டும்.

"அப்ப இஞ்சினை அணைச்சிட்டு அப்படியே கீழே உருட்டிடறேன், ஐயா."

"இஞ்சின் இல்லாம உருண்டா அது தள்ளுவண்டி. தள்ளுவண்டிச் சோதனை செவ்வாய்க்கிழமைதான்."

மணி பதினொன்றரை. வெயில் கண்ணாடி வழியாக முட்டைகளை அடைகாக்கத் தொடங்கியிருந்தது. அப்போது, முட்டையைக் காணோமே என்று பள்ளியின் ஜூடோ ஆசிரியர் ஒக்விர் இறங்கி வந்தார். ஜப்பானில் இரண்டு வருடம் அடி வாங்கிக் கற்றவர். காருக்குள் தலையை நீட்டி அந்தக் குரலைக் கேட்டார்.

"இஞ்சின் சக்தி குறைஞ்சிருக்கு, உடனே பத்திரமான இடத்துல நிறுத்துங்கன்னு சொல்றா. ரொம்ப மரியாதையா சொல்றா."

செண்டோங்கோதான் முதலில் தேறினார். "பாத்தீங்களா? நான் மறைச்சாலும் அவ மறைக்கல. இப்படி ஒரு நேர்மையான கார் எங்க கிடைக்கும்?"

ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்: 'மேற்படி வாகனம் முறையான முன்னறிவிப்பு கொடுத்தும், ஓட்டுநர் அதை மதிக்கவில்லை.'

"எனக்கு ஜப்பான் மொழி தெரியாதே, ஐயா."

"முன்னறிவிப்பு கொடுக்கணும்னுதான் விதி. புரியணும்னு விதி இல்ல."

நம்புசி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் பின்னால் உறுமிக்கொண்டு நின்ற அரசாங்க வண்டியைப் பார்த்தாள். அதற்குள்ளும் ஜப்பானிய மொழியில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஒக்விரை அங்கேயும் கொஞ்சம் காது கொடுக்கச் சொன்னாள்.

ஒக்விர் கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அதேதான் சொல்றா, ஐயா."

"இது அரசாங்க வண்டி," என்றார் பாகியெண்டா. "இதுல அது வணக்கம்."

வணக்கத்தை ஏற்றுக்கொண்டு அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒதுங்கி, நம்புசியின் காரைத் தாண்டி நாலு முழம் ஏறியது. அங்கே பெருமூச்சு விட்டு நின்றது.

ஒக்விர் மேலே பார்த்து விசில் அடித்தார். முப்பது மாணவிகள் இறங்கி வந்தார்கள். தலைக்கு ஓர் அட்டையாக வைத்துக்கொண்டு, கைவீசி, கதை பேசிக்கொண்டே ஏறிப்போனார்கள். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஒரு முட்டைகூட விரிசல் விடவில்லை. வாராவாரம் இதே ஏற்பாடு என்று பள்ளி தீர்மானித்தது. நம்புசிக்கு வியாபாரம் நிலைத்தது. காருக்குத்தான் இனி வேலை இல்லை.

இலாகா இரண்டு உத்தரவுகள் போட்டது. ஒன்று: பள்ளிக்கூட மேடு இதுவரை தகுதிச் சான்றிதழ் பெறாதது, பெறும்வரை அதில் நின்றுபோனதற்கு வண்டிகள் பொறுப்பல்ல. மற்றொன்று: சோதனை ஓட்டம் முடியும்வரை காருக்கு நம்புசியே பொறுப்பு.

ஓட்டம் இன்னும் முடியவில்லை. கார் அங்கேயே நிற்கிறது. அவள் அதன் பின்கதவைத் திறந்துவைத்து முட்டை விற்கிறாள். குரலைக் கேட்டுக் கூட்டம் கூடுகிறது. கப்பல் முட்டை என்று பேர் பரவி, நகரத்துப் பெரிய வீடுகளிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. அவள் அப்படிச் சொன்னதில்லை, மறுத்ததும் இல்லை. பாகியெண்டா வீட்டுக்கு வாரம் இரண்டு அட்டை.

நேற்று பட்டுத் துணி கட்டிய ஒரு பெண் முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உள்ளே அவ என்னமோ சொல்றாளே, என்னது?"

"உங்களுக்கு வணக்கம் சொல்றா, ஞாபோ," என்றாள் நம்புசி. ஈரத்துணியை எடுத்து, அடுத்த முட்டையின் மேல் ஒட்டியிருந்த கோழி எச்சத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.