மத்தியாஸ் வாத்தியாரின் தீப்பெட்டி

ஆதாரம் கேட்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். "மழை வருது" என்றால் குடையைத் தேடாமல், "யார் சொன்னது?" என்பார்கள். மத்தியாஸ் வாத்தியார் அந்த இனத்தில் முதல் தரம்.

சிலிபின் ஊரில் சனிக்கிழமைதோறும் ரப்பர்த் தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கட்டுரை வகுப்பு நடத்தினார். நூலாசிரியர் பெயர் ஒரு சீட்டு, நூல் பெயர் ஒரு சீட்டு, அச்சுக்கூடம், ஆண்டு, பக்கம் என்று ஆளுக்கு ஐந்து சீட்டைக் கலைத்துக் கொடுத்து, மணியடிப்பதற்குள் வரிசைப்படுத்தச் சொல்லுவார். பிறகு தீப்பெட்டியை வைத்துத் தாளின் ஓரத்தில் விட்ட இடத்தை அளப்பார். மயிரிழை குறைந்தாலும் திரும்ப எழுத வேண்டும். மீசை நரைத்த ஆசிரியர்களுக்கெல்லாம் வியர்த்துக் கொட்டும். எழுதியதில் விஷயம் இருந்ததா? அதை யார் பார்த்தார்கள்?

அன்று இன்ஸ்பெக்டர் சதாசிவம் வந்திருந்தார். அவர் மெச்சினால் மத்தியாஸுக்குத் தலைமையாசிரியர் பதவி. மனைவி எல்ஸி கோட்டுக்கு இரண்டு தரம் கஞ்சி போட்டிருந்தாள். மாதிரிக்கென்று, "ரப்பர் மரத்தின் நற்குணங்கள்" என்ற தம் கட்டுரையைச் சுவரில் ஒட்டியிருந்தார் வாத்தியார். ஓரம் கனகச்சிதம்.

சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பத்துமலை தம் தாளை நீட்டினார். 'மரம் நனைந்திருந்தால் பட்டையை வெட்டக் கூடாது. பால் வழிந்து வீணாகும்' என்ற வரிக்கு அடிக்குறிப்பு: 'முத்தம்மா, பால்மரம் வெட்டுபவர், ஆறாம் நிரை, மூன்றாம் மரம்.'

"புத்தகம் எங்கேய்யா?" மத்தியாஸ் கொதித்தார்.

"அந்தக்கா எழுதாது சார், வெட்டும். நேர்ல போயி கேட்டேன்லா."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பத்துமலைக்குத் தைரியம் வந்தது.

"சார் கட்டுரையில மட்டும் அடிக்குறிப்பே இல்லையே. எதப் பாத்து எழுதுனீங்க?"

"சொந்தச் சிந்தனை."

இன்ஸ்பெக்டர் சுவரருகே போய் நிதானமாகப் படித்தார். "மூணாவது பத்தி எனக்கு மனப்பாடம். போன வருஷம் பாரிட் புந்தார் கூட்டத்துல நான் பேசினது."

அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தது மத்தியாஸுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சத்தியமாக மறந்தே போயிருந்தார். இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து ஓரத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஓரம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பதவியும் அவரோடு போய்விட்டது.

சிரிக்கிறீர்களா? நேற்று காப்பிக் கடையில் "எனக்கு என்ன தோணுதுன்னா" என்று ஆரம்பித்தீர்களே, அது யாருக்குத் தோன்றியது? நான் கேட்கப் போவதில்லை. இந்தக் கதையில் பாதிக்கு மேல் பத்துமலை சொன்னது. கீழே என் பெயரைத்தான் போட்டிருக்கிறேன்.