அயோடின் அண்ணாச்சியின் வயிறு

அடுத்தவர் எச்சிலைக் கண்டு முகம் மலர்ந்த ஒரே மனிதரை நான் பாளையங்கோட்டை லாட்ஜில்தான் பார்த்தேன். பக்கத்து அறைக்காரர். கல்லூரி ஆய்வகத்தில் செடிகொடிகளோடு ஆராய்ச்சி. சட்டைப் பையில் எப்போதும் அயோடின் புட்டி இருக்கும் என்பதால் எங்களுக்கு அவர் அயோடின் அண்ணாச்சி.

எச்சிலில் உள்ள நொதி சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். அதைத் தடுக்கிற இலையைக் கண்டுபிடித்தால் நீரிழிவையே தள்ளி வைக்கலாம் என்பது அவர் கனவு. கஞ்சியில் எச்சிலையும் இலைச்சாற்றையும் கலந்து அயோடின் விடுவார். நீலமானால் மாவுச்சத்து உடையவில்லை, இலை ஜெயித்தது என்று அர்த்தம். காலையில் குழாயடிக்குப் போனால் சோதனைக்குழாயோடு வழிமறிப்பார். அந்த லாட்ஜில் அவருக்குத் துப்பிக் கொடுக்காதவர் கிடையாது.

கையும் சும்மா இருக்காது. ஒருநாள் ஓட்டலில் குருமாமேல் சொட்டு விட்டார். நீலமானதும் முதலாளியைக் கூப்பிட்டு, "சோள மாவு கரைச்சிருக்கீருல்லா வே" என்று கேட்டே விட்டார். பாதிப் புரோட்டாவோடு எழுந்து ஓடி வந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார். அப்பாவைச் சர்க்கரை படுத்திய பாடு எனக்குத் தெரியும். மருத இலை ஜெயித்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்தச் சாற்றைத் தாருங்கள் என்று அண்ணாச்சியைத் தினமும் நச்சரித்தேன்.

"குழாய்க்குள்ள நடக்கது வயித்துக்குள்ளயும் நடக்கணும்னு இருக்கா? பைய பொறும்வே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சீவலப்பேரியில் நண்பர் வீட்டு விருந்து. சொதியும் சோறுமாக அண்ணாச்சி வளைத்துக் கட்டினார். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏதோ உறுமியது. எஞ்சின் என்று நினைத்தேன், அண்ணாச்சியின் வயிறு. சற்று நேரத்தில் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. முன்சீட்டுப் பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்டக்டர் விசிலடித்து, "அண்ணாச்சி, இங்கனயே இறங்கிக்கிடுங்க" என்றார், மிகுந்த மரியாதையோடு.

இறங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தார். முகத்தில் மட்டும் அப்படியொரு பிரகாசம்.

"சோறு செமிக்கலவே. அப்படியே குடலுக்குள்ள போயி புளிக்கு. சாறு வேலை செய்யுது."

விருந்துக்கு முன்னால் மருத இலைச்சாற்றைக் குடித்திருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சர்க்கரையே இல்லாத நீங்கள் எதற்காக அதைக் குடித்தீர்கள் என்று கத்தினேன்.

"உமக்குக் குடுக்கதுக்கு முன்னால யாராவது குடிச்சுப் பாக்கணும்லா."

அந்தச் சாற்றை அவர் கடைசிவரை என் கண்ணில் காட்டவே இல்லை. நடையும் வாய்க்கட்டுமாக என் சர்க்கரை இன்றுவரை எல்லை தாண்டாமல் நிற்கிறது. அன்று ஒரு பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டு இறக்கிவிட்ட மனிதரை, தோளோடு அணைத்துக்கொண்டு லாட்ஜ்வரை நடந்தேன். கூடப்பிறந்த அண்ணன் இல்லையே என்ற குறை எனக்கு அன்றோடு போயிற்று.