பின்னேரத்துக் கீப்பர்

கிரிக்கெட்டைக் கண்டுபிடித்தவர்கள் ஆங்கிலேயர்கள். அதற்கு ஒழுங்கு கற்பித்தவர்கள் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளையினர். சங்கத்தின் சட்டவிதிகளான யாப்பைக் கவனிக்கும் உபகுழுவின் தலைவன் என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு சொல்கிறேன்.

ஊரில் எங்கள் கல்லூரிமீது குண்டு விழுந்து இறந்த மாணவர்களின் நினைவாக, கோடைதோறும் நினைவுக் கேடயப் போட்டி நடத்துவோம். மட்டன் ரோல்ஸ் உண்டு, பைலாப் பாட்டும் ஆட்டமும் உண்டு, பைலாவுக்கு முன் மௌன அஞ்சலியும் உண்டு. 1993இல் எங்கள் விக்கெட் காப்பாளர், சட்டன் பகுதியில் கணக்காளராக இருக்கும் பாலேந்திரா, குளியலறையில் வழுக்கி விரலை முறித்துக்கொண்டார். அவசரக் கூட்டம் கூடியது. மாற்று விரல் பற்றி யாப்பில் எதுவும் இல்லை.

அப்போது அகப்பட்டவன்தான் மோர்டன் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த கிறிஸ்துநாயகம். ஊரில் அவனுடைய பள்ளிக்கூடத்தை ஆமிக்காரர் முகாமாகப் பிடித்துவிட்டதால், அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரிக் கட்டடத்தில் பிற்பகலில் வகுப்பு நடந்தது. அங்கேதான் அவன் படித்து முடித்தான்.

சங்கத் தலைவர் தில்லையம்பலம் முறைப்படி விசாரித்தார்.

"எங்கட கூரைக்குக் கீழதானே படிச்சனீர்?"

"ஓம் அண்ணை. ஆனா பின்னேரத்தில."

"கூரைக்கு என்ன காலமை, பின்னேரம்? கிளவுஸைப் போடும்."

போட்டான். வந்த பந்தெல்லாம் அவன் கையில் ஒட்டிக்கொண்டது. வட லண்டன் எட்மண்டன் அணியை அரையிறுதியில் வென்றோம். தலைவர் அவனைக் கட்டிப்பிடித்து, "கல்லூரி மண்ணின் மைந்தன்" என்று பிரகடனம் செய்தார். பாவி, அதை நம்பிவிட்டான். இறுதிப் போட்டிக்கு லீவு கிடைக்காமல் முதலாளியோடு கொளுவிச் சண்டைபிடித்து, வேலையையே விட்டுவிட்டு வந்து நின்றான்.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள் பாலேந்திராவின் விரல் சுகமானது. யாப்பும் உடனே கண்விழித்தது. கூட்டத்தில் நானே எழுந்து விளக்கம் அளித்தேன்: கல்லூரி என்பது மதிய மணியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதே வாங்கு மேசை, அதே கூரை என்றாலும் அது "வேறொரு நிறுவனம்".

கிறிஸ்துநாயகம் கிளவுஸைக் கழற்றவில்லை. கேடயத்தில் பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை, விளையாட மட்டும் விடச் சொல்லிக் கேட்டான்.

"தம்பி, எங்களுக்கும் மனம் கேக்குதில்லைத்தான்," என்றார் தலைவர், உண்மையான துக்கத்தோடு. "ஆனா யாப்பு விடுகுதில்லை."

அவன் தலைவரின் மேசையடிக்கு வந்தான்.

"அப்ப ஒண்டு கேக்கிறன். குண்டு விழுந்தது எத்தினை மணிக்கு?"

தலைவர் யாப்புப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பின்னேரம் மூண்டு மணிக்கு அண்ணை. செத்ததெல்லாம் என்ர வகுப்புப் பிள்ளையள்."

அவன் கிளவுஸை மேசையில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் பாலேந்திரா ஒரு பந்தையும் பிடிக்கவில்லை. ஆனாலும் விழா சிறப்பாக நடந்தது. இறந்த பிள்ளைகளின் பெயர்களை "எங்கள் கல்லூரியின் செல்வங்கள்" என்று தழுதழுத்த குரலில் நானே வாசித்தேன். இதில் யாப்புக்கு முரணாக எதுவும் இல்லை. பின்னேரத்துப் பிள்ளைகளையும் நாங்கள் எங்கள் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளத்தான் செய்கிறோம். கிறிஸ்துநாயகம் விட்ட ஒரே பிழை, உயிரோடு வந்ததுதான்.