ரெகுலாவின் வெள்ளிக்கிழமை

ஏரிக்கரை விடுதியில் அறை கிடைத்துவிட்ட பத்தாவது நிமிடத்தில், வெர்னர் ஸ்பிண்டன் தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் நின்றுகொண்டு, சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் பதினேழு, வெள்ளி: ஸ்பிண்டன் குடும்பம்.

அறை கிடைத்திருப்பதும் அதே பதினேழாம் தேதியிலிருந்துதான். திராட்சை அறுவடைக் காலம். வேறு தேதியே இல்லை என்று விடுதியில் கையை விரித்துவிட்டார்கள்.

பெர்ன் நகரத்தில் குடியிருக்கிற யாருக்கும் இதற்கு மேல் சொல்ல வேண்டாம். கட்டடத்துக்கு ஒரே வாஷிங் மெஷின், பன்னிரண்டு குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை துவைப்பது மகா பாவம் என்பதால் அது போக, வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அன்று காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை துணி துவைக்கும் அறைக்கு அந்த வீடுதான் ராஜா. முறையை மாற்றிக்கொள்ள வேண்டுமானால், சாவியோடு கயிற்றில் தொங்கும் நோட்டில் இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும். விவாகரத்துக்குக்கூட அந்த ஊரில் இவ்வளவு சம்பிரதாயம் கிடையாது.

விவாகரத்து என்ற வார்த்தையே வெர்னருக்கு ஆகாது. காரணம் உண்டு. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடங்களாக ரெகுலா கேட்டது ஒன்றே ஒன்றுதான். இலையுதிர் காலத்தில் பீல் ஏரிக்கரையிலுள்ள ட்வான் கிராமத்துக்குப் போய், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் குடிக்க வேண்டும். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். வெர்னர் முதல் வருடம் மழை வரும் என்றார். இரண்டாம் வருடம் ஒயின் புளிக்கும் என்றார். பிறகு துப்பாக்கி சுடும் சங்கத்தில் செயலாளராகிவிட்டதால், காரணம் தேடும் சிரமமும் நீங்கியது.

இந்த வசந்தத்தில், ஐம்பதாவது பிறந்தநாள் கேக்கை வெட்டியபடியே ரெகுலா மிக அமைதியாகச் சொன்னாள்.

"இந்த வருஷமும் நீ ஏரிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னு வையி, நான் என் வழியைப் பாத்துக்கிட்டா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

அவளுடைய அக்கா இதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டுத்தான், கணவனை விட்டு ஒரு பல் டாக்டரோடு பாசல் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வெர்னர் அன்றிலிருந்து நிஜமாகவே பயந்துபோயிருந்தார். ரெகுலா இல்லாத வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், அவள் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்பது தெரியும். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லிப் பழக்கமில்லை.

அதனால்தான் ரகசியமாக அறை பிடித்து, கடைசி நிமிடத்தில் அவளை அசத்திவிடத் திட்டம். அசத்துவதற்கு முன் அவளுடைய வெள்ளிக்கிழமையை நகர்த்த வேண்டும்.

அது லேசான காரியமில்லை. ரெகுலாவுக்குத் துவைக்கும் நாள் என்றால் உயிர். வெர்னர் நிலப்பதிவு அலுவலகத்திலிருந்து மாலை வரும்போது, அவள் கன்னமெல்லாம் சிவந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, மடித்த துணிக்கூடையோடு கீழேயிருந்து வருவாள். நாளெல்லாம் நீராவியில் வெந்தும் இவ்வளவு சந்தோஷமா என்று அவர் மனைவியின் கடமையுணர்ச்சியை மெச்சிக்கொள்வார். இரண்டு பேர் துணிக்கு எதற்கு ஒரு முழு நாள் என்று அவர் கணக்குப் பார்த்ததில்லை. ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் கணக்குப் பார்ப்பவர்களுக்கு வீட்டில் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?

முதல் மாடி கெர்பரைப் பிடித்தார். கெர்பர் தனிக்கட்டை. முறை வியாழக்கிழமை.

"மாத்திக்கிறதுல எனக்கொண்ணும் இல்ல ஸ்பிண்டன். ஆனா உங்க வீட்டம்மா ஒத்துக்கிட்டாங்களா? போன வருஷம் நான் கால் ஒடிஞ்சு கெடந்தப்பவே அந்த வெள்ளிக்கிழமையை விட்டுக் குடுக்கல அவங்க."

"அவளுக்குத் தெரியக்கூடாது. அதான் விஷயமே."

"அப்ப நான் செத்தேன்" என்று சொல்லிக்கொண்டே கெர்பர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மாலையே ரெகுலா நோட்டைப் பார்த்துவிட்டாள். கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் அலமாரிக் கோப்பைகள் ஆடின.

"என் வெள்ளிக்கிழமைல கெர்பர் பேரு இருக்கு! கீழ உன் கையெழுத்து! உனக்கென்ன பைத்தியமா?"

உண்மையைச் சொல்ல அது நல்ல தருணம். வெர்னர் அதை நழுவவிட்டார்.

"அந்தாளு பாவம், ரெகுலா. உடம்பெல்லாம் ஏதோ சொறி. டாக்டர் வெள்ளிக்கிழமை படுக்கை விரிப்பெல்லாம் துவைச்சே ஆகணும்னு சொல்லிட்டாராம்."

"சொறிக்குக் கெழமை தெரியுமா?"

"புது மருந்து போல."

ரெகுலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நேரே கட்டடப் பொறுப்பாளர் ஏபியம்மாவிடம் போனாள். அந்தக் கட்டடத்தில் ஏபியம்மாவிடம் ஒன்றைச் சொல்வதும் தேவாலய மணியை அடிப்பதும் ஒன்றுதான். மறுநாள் காலைக்குள் பன்னிரண்டு குடித்தனத்துக்கும் கெர்பரின் சொறி தெரிந்துவிட்டது. கெர்பரைத் தவிர.

அவருக்குப் படிக்கட்டில் தெரிந்தது. மூன்றாம் மாடிக்காரர் அவரைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கினார். மாலையில் ஏபியம்மா எல்லாரையும் நிலவறையில் கூட்டினார்.

"ஒரே மெஷின்ல நாம எல்லாரும் துவைக்கிறோம். வியாதியை மறைக்கிறது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்!"

கெர்பர் சட்டையைக் கழற்றிவிட்டார். "பாருங்க! எங்கயாவது ஒரு புள்ளி இருக்கா? முதுகையும் பாருங்க! எவன் கெளப்பிவிட்டது இதை?"

அவர் கண் வெர்னர் மேல் நின்றது. அறுபத்திரண்டு வயது மனிதர் தன்னால் அரைகுறை உடையில், சோப்புத்தூள் டப்பாக்களுக்கு நடுவே நிற்பதைப் பார்க்க வெர்னருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. எழுந்தார். இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே ரெகுலா உட்கார்ந்திருந்தாள்.

"கெர்பர் மேல தப்பில்ல. சொறி எனக்குத்தான். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பன்னிரண்டு குடித்தனமும் ஒரே நேரத்தில் தன் கையை உதறிக்கொண்டது.

அன்றே முடிவாயிற்று. மெஷினைச் சுத்தம் செய்ய ஆள் வருவார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அறைக்குப் பூட்டு. அதாவது கெர்பருக்கும் முறை போச்சு, ரெகுலாவுக்கும் போச்சு, சம்பந்தமே இல்லாத சனிக்கிழமைக்காரருக்கும் போச்சு. ரெகுலா தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். வெர்னர் தனிப் படுக்கையில் படுத்து, இல்லாத சொறியைச் சொறிந்துகொண்டார்.

மூன்றாம் நாள், அவள் அக்காவோடு தொலைபேசியில் கிசுகிசுப்பது வெர்னர் காதில் விழுந்தது. சமையலறை மேசையில் விடுதிச் சீட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"எனக்குச் சொறியும் இல்ல, மண்ணும் இல்ல. உன்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னுதான் இத்தனை கூத்தும். நீ என்னை விட்டுப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு ரெகுலா. நீ இல்லாம என்னால முடியாது."

ரெகுலா சீட்டைக் கையில் எடுத்தாள். படித்தாள். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"ட்வானா?"

"ட்வானேதான்."

"படகுத்துறை பக்கத்து விடுதியா?"

"அதேதான்! உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா... ஏரிக்கரை விடுதின்னா அங்கதானே இருக்கும்." அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன் வெர்னர், ஜெனீவா ஏரிக்குப் போலாமே? அது இன்னும் பெருசு."

"நீ இருபத்து மூணு வருஷமா கேட்டது இதைத்தானே? இனிமே உனக்கு நீ ஆசைப்பட்டதுதான்."

ரெகுலாவின் கண்கள் கலங்கின. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "அடப்பாவி" என்றாள். இவ்வளவு அன்பாக அவள் அதைச் சொல்லி எத்தனையோ வருடமாயிற்று.

வெள்ளிக்கிழமை பெட்டியோடு இறங்கியபோது வாசலில் ஏபியம்மா நாலடி தள்ளி நின்று, "அங்க போர்வையைத் தனியா மடிச்சு வைங்க ஸ்பிண்டன், பாவம் அவங்களாவது நல்லா இருக்கட்டும்" என்று வழியனுப்பினார்.

பீல் நிலையத்தில் ரயில் மாறும்போது வெர்னர் அறிவிப்புப் பலகையைத் தேடினார். அதற்குள் ரெகுலா சரியான நடைமேடைக்குப் போய்விட்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் உக்காரு. ஏரி இங்கதான் தெரியும்."

வெர்னர் அசந்துபோனார். இருபத்து மூன்று வருடம் ஏங்கினால் ஒரு பெண்ணுக்கு வரைபடமே மனப்பாடமாகிவிடும் போலிருக்கிறது. இத்தனை நாள் இவளைக் காக்க வைத்துவிட்டோமே என்று மனம் குத்தியது. வெளியே மஞ்சளாகிப்போன திராட்சைக் கொடிகள் தண்ணீர்வரை இறங்கியிருந்தன. ரெகுலா மட்டும் வெளியே பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டி, துணியால் தலையையும் காதையும் இறுக்கக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல எதுக்கு இந்த முக்காடு?"

"காத்து ஒத்துக்காது."

விடுதி வாசலில் அவள் சற்றுத் தயங்கினாள். "நேரா ரூமுக்குப் போயிடலாமே. தலை வலிக்குது."

"முதல்ல ஒரு கிளாஸ் ஒயின். என் கையால வாங்கித் தர்றேன்." அவள் தோளைப் பிடித்து, பெருமையோடு உள்ளே நடத்திப்போனார் வெர்னர். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கடமையை நேரத்துக்குச் செய்துமுடித்த திருப்தி அவர் முகத்தில் வழிந்தது.

பரிமாறுகிற முதிய அம்மாள் தட்டைத் துடைத்தபடியே நிமிர்ந்தாள். முக்காட்டையும் கண்ணாடியையும் ஒரு நொடி பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வாங்க ரெகுலாம்மா! பதினோரு மணிக்கெல்லாம் வந்துடுவீங்களே, இந்த வெள்ளிக்கிழமை காணோமேன்னு பாத்தேன். உங்க ஜன்னலோர மேசையை யாருக்கும் குடுக்கல. கூட வந்திருக்கிறது யாரு, அண்ணனா? அது கெடக்கட்டும், உங்க வீட்டுக்காரரு இன்னமும் நீங்க நிலவறைல துணி துவைச்சிட்டு இருக்கிறதாத்தான் நெனச்சிட்டு இருக்காரா?"