ஜெயபாலன் ஆடினால் தோல்வி

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. அதற்குப் புள்ளிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். சட்டைப் பையில் கட்டம் போட்ட தாள், காதில் கூராகச் சீவிய பென்சில், வாயில் "புள்ளிவிவரம் என்னா சொல்லுது?" என்ற கேள்வி, இம்மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்து எதிரே வந்தால் நீங்கள் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவது நல்லது. "நேற்று நல்ல மழை" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை அங்குலம் என்பார். "பையனுக்குத் தலைவலி" என்று சொல்லிவிட்டீர்களோ, தீர்ந்தது. போன மாதம் எத்தனை தடவை வந்தது, கண்ணாடி போடுவதற்கு முன்பா பின்பா, அன்றைக்குக் கச்சாங் கடலை தின்றானா என்றெல்லாம் விசாரித்து, கடைசியில் மருந்துக்குப் பதிலாக ஒரு கோடு வரைந்து கொடுப்பார்.

மலாக்காவில், காஜா பேராங்கில், எங்களுக்கு வாய்த்தவர் நல்லையா. பண்டார் ஹிலிரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. லண்டனிலிருந்து தபால் வழியாகப் புள்ளியியல் படித்தார். மூன்றாம் பாடம் கோரிலேஷன்: ஒன்று ஏறும்போது இன்னொன்றும் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கணக்கிட்டுப் பார்க்கும் வித்தை. இரண்டும் சேர்ந்து ஏறுவதாலேயே ஒன்று மற்றொன்றை ஏற்றிவிட்டதாக ஆகாது என்பது நான்காம் பாடம். அந்த உறையை அவர் பிரிக்கவில்லை. நேரம் எங்கே? மூன்றாம் பாடத்தை ஊர்மேல் பிரயோகிக்கவே பொழுது போதவில்லை.

மனைவி சிவகாமசுந்தரி தாய்வீட்டுக்குப் போன நாட்களையும் தம் உடல் எடையையும் புள்ளிகளாக வைத்து, நடுவே ரிக்ரெஷன் கோடு ஒன்றை இழுத்து, அந்த அம்மாள் சேர்ந்தாற்போல் பத்து மாதம் ஊரில் இல்லாவிட்டால் தாம் அடியோடு காணாமல் போய்விடுவோம் என்று கண்டுபிடித்தார்.

"நீங்களே சமைச்சுச் சாப்பிடலாம்ல?" என்றார் சிவகாமசுந்தரி.

"அதுக்குப் புள்ளிவிவரம் இல்ல."

இப்படியே போயிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஐம்பத்தேழாம் ஆண்டில் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தது. கொண்டாட்டத்துக்குப் பாடாங் மைதானத்தில் பந்தாட்டம். மூவாரிலிருந்து வரும் பலத்த குழுவோடு எங்கள் காஜா பேராங் குழு மோத வேண்டும். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் ஜெயபாலன் பஸ் கண்டக்டர். சனிக்கிழமை லீவு கிடைப்பது அவனுக்குக் குதிரைக்கொம்பு. இரண்டு மாதம் முன்பே கேட்டு, கெஞ்சி, லீவுச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கபீர் காப்பிக்கடை மாடியில் நடந்த குழுக்கூட்டத்துக்கு வந்திருந்தான்.

குழுவின் ஆட்டக் கணக்கை எழுதிவந்த நல்லையா தாளை விரித்தார்.

"ரெண்டு வருஷத்துல பதினேழு ஆட்டம். ஜெயபாலன் ஆடுனது ஒம்பது, ஜெயிச்சது மூணு. அவன் ஆடாதது எட்டு, ஜெயிச்சது அஞ்சு. அவன் வந்தா தோக்குறோம். நான் சொல்லல லா, புள்ளி சொல்லுது."

"அதெப்படிண்ணே? அவந்தான் நம்மள்ல நல்லா ஆடுறவன்..." என்று இழுத்தார் கேப்டன் மருதமுத்து.

"உணர்ச்சிய உள்ள கொண்டு வராதீங்க."

சிவப்பு மையில் எழுதிய எண்ணுக்கு எதிரே வாய் திறக்க எத்தனை பேரால் முடியும்? மருதமுத்து தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"டீமுக்கு நல்லதுன்னா நான் உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜெயபாலன் இறங்கிப் போனான்.

வீட்டில் அவன் சாப்பிடவில்லை. அக்கா கோகிலாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "நெசமாவே என்னாலதான் தோக்குறோமா அக்கா?"

கோகிலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறுநாள் வேலை முடிந்ததும் வெள்ளை உடுப்போடு, வழியில் மருதமுத்துவையும் பிடித்துக்கொண்டு, நேரே நல்லையா வீட்டுக்குப் போனாள். பழைய காகிதத்தில், ஆட்டத்துக்கு ஒன்றாக, பதினேழு துண்டு வெட்டினாள். எட்டில் 'வெற்றி' என்று எழுதினாள். ஒன்பதை வெறுமையாக விட்டாள். எல்லாவற்றையும் ஒரு மில்லோ டின்னில் போட்டுக் குலுக்கினாள்.

"தம்பி ஆடுனது ஒம்பது. கண்ண மூடிக்கிட்டு ஒம்பது எடுங்கண்ணே."

நல்லையா எடுத்தார். பரிசோதனை என்றால் அவருக்கு உயிர். எண்ணி, எழுதி, திரும்பப் போட்டு, மறுபடி குலுக்கி, இருபது தடவை எடுத்தார்கள். ஐந்து தடவை ஒன்பதில் மூன்றோ அதற்கும் குறைவோதான் 'வெற்றி' வந்தது.

"பாத்தீங்களா? டின்னுக்குள்ள என் தம்பி இல்ல. நாலு தடவைக்கு ஒரு தடவ வெறும் காயிதமே இப்படித் தோக்குது. சும்மா அதிர்ஷ்டத்தாலயே வரக்கூடியத வச்சு ஒருத்தனை வெளிய உக்கார வைக்கலாமா?"

"மிச்சம் பதினஞ்சு தடவை வரலையே?" என்றார் நல்லையா. இனத்தின் குணம் அவ்வளவு லேசில் விடுமா?

கோகிலா கேப்டன் பக்கம் திரும்பினாள். "நீங்க என் தம்பிய எப்ப கூப்பிடுவீங்க?"

"லீவு கெடைக்காதும்மா அவனுக்கு. அதனால பெரிய டீம் வந்தா மட்டுந்தான்..." என்று தொடங்கிய மருதமுத்துவின் வாய் அப்படியே நின்றது.

அவள் நல்லையாவின் தாளை வாங்கி நடுவே ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் பலத்த குழுக்கள், மறுபக்கம் சாதாரணக் குழுக்கள். பலத்த குழுக்களோடு ஜெயபாலன் ஆடியது எட்டு, வென்றது இரண்டு. அவன் இல்லாமல் ஆடியது இரண்டு, வென்றது ஒன்றுமில்லை. சாதாரணக் குழுவோடு அவன் ஆடிய ஒரே ஆட்டத்தில் வெற்றி. அவன் இல்லாத ஆறில் ஐந்து. இரண்டு பக்கமும் அவன் இருந்தபோதுதான் நிலைமை மேல். கூட்டிப் பார்த்தால் மட்டும் அவன் தோல்விக்காரன்.

"எங்க பெரிய டாக்டர் வார்டுலதான் சாவு அதிகம். ஏன்? ரொம்ப முடியாதவங்களத்தான் அவருகிட்ட அனுப்புறோம். அதுக்காக அவர வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

நல்லையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார். உள்ளேயிருந்து சிவகாமசுந்தரி, "காப்பி போடவா, இல்ல அதுக்கும் குலுக்கணுமா?" என்றார். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெயபாலன் வீட்டுக்குக் கிளம்பினார்.

ஜெயபாலன் வாசலில் நின்றான். "தம்பி, தப்பு என் மேலதான். யாரோட ஆடுனோம்னு நான் பாக்கவே இல்ல" என்றார் நல்லையா. எண் எதுவும் சேராமல் அவர் பேசிய முதல் வாக்கியங்கள் அவை என்று நினைக்கிறேன். ஜெயபாலன் தலையசைத்தான். அன்று மாலையே பயிற்சிக்குப் போனான்.

ஆட்டத்தில் நாங்கள் வென்றோமா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை. மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அந்த இரண்டும் ஜெயபாலன் அடித்தவை. இரண்டாவது விழுந்தபோது பாடாங்கே எழுந்து நின்றது. நல்லையா தொண்டை கட்டும்வரை கத்தினார். ஆட்டம் முடிந்ததும் தாளை எடுத்துப் 'பலத்த குழு' பக்கத்தில் ஒரு தோல்வியைப் பதிந்தார். நேர்மையான மனிதர்தான். மறுநாளே, வெயிலையும் கோல்கீப்பரின் முடிவெட்டையும் ஒப்பிட ஆரம்பித்தார் என்பது வேறு விஷயம்.

அது கிடக்கட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, "எங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் உண்டு, கணக்குப் படித்தவர்கள் எல்லாருமே இப்படித்தான்" என்று தலையாட்டினீர்களே, அந்த முடிவுக்கு எத்தனை பேரை எண்ணிப் பார்த்து வந்தீர்கள்? ஒருவரா? இருவரா? உங்கள் சட்டைப் பையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்.